வட்டத்தில் ஓர் இடம்

மாரடிக்கும் பெண்களின் வட்டம் மூன்றாவது சுற்றைத் தொடங்கியபோது, அன்னக்கிளி மட்டும் மார்பில் அடித்துக்கொள்வதை நிறுத்திவிட்டாள். இடது காலை மண்ணில் இரண்டு முறை இழுத்து வைத்தாள். பிறகு இடது கையை வெளிப்புறமாக நீட்டி, எதையோ அள்ளுவது போல உள்ளங்கையைத் தன் பக்கம் மெதுவாகக் கொண்டுவந்தாள். அடுத்த சுற்றிலும் அதையே செய்தாள். பறைகளின் அடி தவறவில்லை. அவளுடைய காலும் தவறவில்லை.

வட்டத்தின் நடுவே, பெஞ்சின் மேல், அவளுடைய அக்காள் அக்கம்மாள் கிடத்தப்பட்டிருந்தார். பந்தற்காலைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தவர் அந்த அம்மாளின் கணவர் கோட்டைச்சாமி.

"ஏண்டி, இது எழவு வீடா, முளைப்பாரித் திடலா? கும்மியில்ல அடிக்கா இவ!" என்று அடுத்த வீட்டு ராக்காயி சத்தம் போட்டார்.

"யாருகிட்டக்கா கத்துறீக? அவளுக்கா கேக்கப் போகுது? ஊருக்கே கேக்குது" என்றாள் வட்டத்தில் நின்ற ஒருத்தி.

"கேக்காட்டி என்ன, கண்ணு இருக்குல்ல? நாலு பேரு அடிக்கிறதப் பாத்து அடிக்க வேண்டியதுதானே. கூடப்பொறந்தவ செத்துக் கெடக்கா, இவ காலை இழுத்துக் காட்டிக்கிட்டு நிக்கிறா!"

ராக்காயி அவளுடைய முழங்கையைப் பற்றி வெளியே இழுத்தார். அன்னக்கிளி கையை விடுவித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மறுபடியும் அதே அசைவைச் செய்தாள். அவளுடைய பார்வை அக்காளின் மேல் இல்லை. அது கோட்டைச்சாமியின் மேல் இருந்தது.

அவர் பந்தற்காலை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

அந்த அசைவை அவர் அன்று விடியற்காலையில் பார்த்திருந்தார். ஒன்பது நாட்களுக்கு முன்பு, நெல் அவித்துக்கொண்டிருந்த இடத்திலேயே அக்கம்மாளுக்கு வலது பக்கம் முழுவதும் செயலற்றுப் போயிற்று. பேச்சும் அன்றோடு போயிற்று. இடது கையும் இடது காலும் மட்டுமே அந்த அம்மாளுக்கு மிஞ்சியிருந்தன. ஓட்டின் இடுக்கு வழியாக வெளிச்சம் இறங்கத் தொடங்கிய நேரத்தில், கால்மாட்டில் அன்னக்கிளி உட்கார்ந்திருக்க, அந்தக் கால் பாயின் மேல் இரண்டு முறை இழுபட்டது. அந்தக் கை வெளியே போய் உள்ளே வந்தது. தாகம் என்று எண்ணிய கோட்டைச்சாமி, சங்கில் தண்ணீர் எடுத்துப் புகட்டினார். மறுபடியும் அதே அசைவு. மறுபடியும் தண்ணீர் புகட்டினார். மூன்றாம் முறை புகட்டிய தண்ணீர் கடைவாய் வழியாக வெளியே வந்துவிட்டது.

உயிர் பிரியும் நேரத்தில் கை கால்கள் வெட்டி இழுக்கும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது உயிரோடு நிற்கும் ஒருத்தி, சிறிதும் மாறாமல், அதையே பறைக்கு ஒத்து ஆடிக் காட்டும்போதுதான், தாம் பார்த்தது உயிர் இழுக்கும் இழுப்பு அன்று, பேச்சு என்பது அவருக்கு உறைத்தது. மனைவி கடைசியாக ஏதோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதைக் கேட்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் தண்ணீர் புகட்டியிருக்கிறார்.

அன்னக்கிளிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. பிறந்த ஊரான கண்டரமாணிக்கத்தில் பெற்றோர் இருவரும் ஒரே வருடத்தில் காலமாகிவிட, தங்கையை வளர்க்கும் பொறுப்பு பன்னிரண்டு வயது அக்கம்மாளுக்கு வந்தது. ஊரில் முளைப்பாரிக் கும்மி நடக்கும்போது தங்கை தனியே நிற்பதைப் பொறுக்க மாட்டாமல், அவளையும் வட்டத்துக்குள் இழுத்து நிறுத்தினார். பாட்டு அவளுக்குக் கேட்காதல்லவா? ஆகையால் பாட்டில் வரும் நாற்று நடவையும், நீர் இறைப்பையும், நெல் குத்துவதையும் கைகளாலும் இடுப்பாலும் பெரிது பெரிதாகச் செய்து காட்டினார். தாளத்தை வெறுங்கால் வழியாக மண்ணே அன்னக்கிளிக்குச் சொல்லிக் கொடுத்தது. நாளடைவில் அந்த அசைவுகள் கும்மியை விட்டு வெளியே வந்து, அவ்விருவரின் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டன. உலை கொதிப்பது, மாடு அவிழ்த்துக்கொண்டது, அடுத்த வீட்டில் சண்டை, மனத்தில் வருத்தம் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஓர் அடியும் ஒரு கையும் இருந்தன.

திருமணம் பேசும்போது, தங்கை கூட வராவிட்டால் தாமும் வரப்போவதில்லை என்று அக்கம்மாள் சொல்லிவிட்டார். "ஒரு பொண்ணக் கேட்டா ரெண்டு பொண்ணு வருதேடா தம்பி, ஒனக்கு யோகந்தேன்" என்று கோட்டைச்சாமியின் அண்ணன் சோணைமுத்து அப்போது கேலி செய்தார். அது நடந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

கோட்டைச்சாமி வண்டிக்காரர். செட்டிமார் வீடுகளுக்குத் தேக்கும் சுண்ணாம்பும் ஏற்றிவருவது அவருடைய தொழில். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, துறைமுகத்தில் மரம் ஏற்றும்போது ஓர் உத்தரம் சரிந்து அவருடைய இடது பாதத்தின் மேல் விழுந்தது. எலும்பு கூடிய பிறகும் அந்தக் கால் இழுத்தே நடந்தது. ஊர் இளவட்டங்கள் முதுகுக்குப் பின்னால் 'நொண்டிக் கோட்டை' என்று சொல்வது அவர் காதில் விழத் தொடங்கியிருந்த நாட்கள் அவை.

அப்படிப்பட்ட ஒரு நாளில், வண்டியை அவிழ்த்துவிட்டு உள்ளே வந்தவர், முற்றத்தில் அந்தக் காட்சியைக் கண்டார். அன்னக்கிளி இடது காலை இரண்டு முறை இழுத்துக் காட்டுகிறாள். அக்கம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிக்கிறார். ஏழு வயது மகள் மீனம்மாளும் சின்னாத்தாளைப் போலவே காலை இழுத்துக்கொண்டு சுற்றிவருகிறாள்.

கையில் இருந்த, மாடு ஓட்டும் தார்க்குச்சி, அருகில் நின்ற குழந்தையின் விரல்களின் மேல் விழுந்தது.

"சொந்த வீட்டுலயே என்னைய நொண்டின்னு பழிக்கிறீகளா? இனிமே இந்த வீட்டுக்குள்ள எவ கையாச்சும் காலாச்சும் ஆடுச்சு, நடக்கிறதே வேற!"

"இல்லங்க, அது வந்து..." என்று அக்கம்மாள் தொடங்கினார். கோட்டைச்சாமி கேட்க நிற்கவில்லை. பிறகு ஒரு நாளும் கேட்கவுமில்லை. ஊர்க் கும்மிக்கு முன்னின்று அடியெடுத்துக் கொடுத்துவந்த அக்கம்மாளை அந்த வருடத்திலிருந்து அவர் அனுப்பவில்லை. அந்த அம்மாளும் போகிறேன் என்று கேட்கவில்லை.

ஆனால் கைகள் ஓயவில்லை என்பது அவருக்குத் தெரியும். வைக்கோற்போருக்குப் பின்னாலும் கிணற்றடியிலும் அவை பேசிக்கொண்டிருந்தன. அவர் வரும்போது நின்றுவிட்டன. சத்தமே இல்லாத பேச்சும் தம்மைக் கண்டு நிற்பதை, பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் கேட்டுவந்தார் என்றே சொல்ல வேண்டும். சில நாட்களில், அந்தப் பக்கம் போகாமல் வாசலிலேயே மாட்டைத் தடவிக்கொண்டு நின்றிருப்பார். அங்கேயே நின்றால் பேச்சு தொடரும் அல்லவா?

இப்போது அவரைப் பிடித்துக்கொண்டது ஒரே கேள்விதான். நாற்பத்திரண்டு வயதில் இந்த வீட்டை விட்டுப் போகும் வேளையில், 'நொண்டி' என்றா அந்த அம்மாள் சொல்லிவிட்டுப் போனார்?

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை உடலின் மேல் போர்த்திவிட்டு, அக்கம்மாளின் பெரியப்பா மகனான நாகநாதன் அவர் பக்கம் வந்தார். சோணைமுத்துவும் கூட வந்தார்.

"மச்சான், தூக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள அன்னக்கிளியக் கூட்டிட்டுப் போயிருறேன்" என்றார் நாகநாதன்.

"அதுக்கு இப்ப என்ன அவசரம்?"

"என்ன அவசரமா?" என்று சோணைமுத்து குறுக்கிட்டார். "அக்கா இல்லாத வீட்டுல தங்கச்சிக்காரி ஒரு ராத்திரி தங்குனா, ஊரு அத ஒம்பது ராத்திரின்னு பேசும்டா. நாந்தேன் கூட்டிட்டுப் போகச் சொன்னேன்."

"எம் பொண்டாட்டிக்கும் இது நெறமாசம். ஒத்தாசைக்கு ஒரு கை ஆகும்" என்றார் நாகநாதன், தணிந்த குரலில்.

கோட்டைச்சாமி தலையை ஆட்டினார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு என்ன உரிமை இருந்தது? இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்தப் பெண்ணிடம் அவர் ஒரு சைகை கூடச் செய்ததில்லை. ஆனால் அவள் போய்விட்டால், அக்கம்மாள் சொன்னது என்னவென்று சொல்ல இவ்வுலகில் வேறு ஒருவரும் இல்லை. பொழுது அப்போதே உச்சியைத் தாண்டிவிட்டிருந்தது.

பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனை வரை வந்து நின்றுகொண்டார்கள். ஆண் பிள்ளை இல்லாததால் கொள்ளியைக் கோட்டைச்சாமியே வைத்தார். நெருப்பு பற்றிக்கொண்டதும் திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொன்னார்கள்; நடந்தார். கண்மாயில் தலைமுழுகும்போது, அவரை அறியாமல் தண்ணீருக்குள் அவருடைய இடது கை வெளியே போய் உள்ளே வந்தது. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் அவர் நீந்தப் பார்க்கிறார் என்று நினைத்திருக்கலாம்.

ஈர வேட்டியோடு அவர் வீடு திரும்பியபோது, வாசலில் நாகநாதன் வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். உள்ளே மீனம்மாள் முற்றத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து ஒன்பது நாட்களுக்கு முன்பே வந்து, தாயைப் பார்த்துக்கொண்டவள் அவள்.

"மீனா."

"என்னய்யா."

"ஒங்க சின்னாத்தா வட்டத்துல ஒண்ணு செஞ்சாளே, பாத்தியா?"

"பாத்தேன்."

"விடியக்கால ஒங்காத்தாளும் அதத்தேன் செஞ்சா. அது என்னன்னு ஒனக்குத் தெரியுமா?"

மீனம்மாள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். "எனக்கு எப்படித் தெரியும்? நீகதேன் தெரியவிடலயே" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுவே அவரைத் தூணில் சாய வைத்தது.

"அந்தக் காலு... நொண்டின்னுதானே அதுக்கு அர்த்தம்?" என்றார்.

விளக்குமாறு நின்றது. "நொண்டியா? யாரு சொன்னா? அது ஒங்க பேருய்யா."

"பேரா?"

"ஆளுக்கு ஒரு பேரு வச்சிருக்குமே சின்னாத்தா. பெரியய்யாவுக்கு மீசைய முறுக்கணும். ராக்காயி அத்தைக்கு இடுப்புல கைய வச்சுத் தெருவப் பாக்கணும். சின்னாத்தாளுக்குக் காலுதேன் காது. நீக வாசல்ல நடந்தா மண்ணுல ஒரு இழுவை தெரியுமாம். இந்த ஊருல வேற யாரு நடந்தாலும் அப்படித் தெரியாதாம். அதுனால அது நீக."

"அப்ப, அன்னைக்கு ரெண்டு பேரும் சிரிச்சது?"

"எனக்கு அன்னைக்கு அடி வாங்குனது நல்லா ஞாபகம் இருக்கு, எதுக்குச் சிரிச்சாகன்னும் ஞாபகம் இருக்கு. 'இந்தா வந்துட்டாரு, போயிக் கொண்டைய அள்ளி முடி'ன்னு சின்னாத்தா ஆத்தாளக் கேலி பண்ணுச்சு. ஆத்தாளுக்கு வெக்கம் தாங்கல." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "வண்டிச் சத்தம் கேட்டா ஆத்தா ஓடிப்போயித் தலைய முடியும். ஒங்களுக்கு அது தெரியுமாய்யா?"

அவருக்குத் தெரியாது. கொண்டை எப்போதும் முடிந்தேதான் இருக்கும் என்று நினைத்திருந்தார். கடந்த ஒன்பது நாட்களாக அந்தக் கூந்தல் பாயின் மேல் அவிழ்ந்து கிடந்ததை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"கை என்ன சொல்லுது?" என்றார்.

"கை எனக்குத் தெரியாதுய்யா. நான் அது வரைக்கும் படிக்கல."

வாசலில் வண்டி தயாராகிவிட்டது. எழவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. போகிறவர் போகிறேன் என்பதும், இருக்கிறவர் வாருங்கள் என்பதும் வழக்கமில்லை. எனவே நாகநாதன் எவர் முகத்தையும் பாராமல் நுகத்தடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்னக்கிளி ஒரு துணி மூட்டையோடு வண்டியின் பின்புறம் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தாள்.

கோட்டைச்சாமி அவள் எதிரே போய் நின்றார். இடது காலை இரண்டு முறை இழுத்தார். கையை வெளியே நீட்டி உள்ளே கொண்டுவந்தார். பிறகு இரண்டு கைகளையும் வெறுமையாக விரித்துக் காட்டினார்.

அவள் அவரையே பார்த்தாள். கண் இமைக்காமல், வெகு நேரம் பார்த்தாள். பிறகு வண்டியிலிருந்து குதித்து இறங்கினாள்.

கட்டை விரலால் மண்ணில் ஒரு பெரிய வட்டம் கீறினாள். அதன் மேல் நடந்து, அடிக்கு ஓர் ஆளாக, தோளோடு தோள் ஒட்டி நிற்பது போல நின்று நின்று காட்டினாள். ஓர் இடத்தில் நின்று கைகொட்டிக்கொண்டிருந்தவள், திடீரென்று பக்கவாட்டில் ஓர் அடி விலகினாள். விலகிய இடத்தில் வெளியிலிருந்து ஒருவரை அள்ளி, உள்ளே நிறுத்தினாள். இல்லாத அந்த ஆளின் தோளை ஒரு முறை தொட்டாள். பிறகு இரண்டு பேருமாக ஆடுவது போல மறுபடியும் கைகொட்டினாள்.

"எடம் விட்டுச் சேத்துக்கிறது!" என்றாள் நிலைப்படியில் வந்து நின்ற மீனம்மாள். "கும்மியில புதுசா ஒருத்தி வந்தா, வெலகி உள்ள விடுவாகள்ல, அதுய்யா. ஒங்களச் சேத்துக்கச் சொல்லியிருக்கு ஆத்தா. சின்னாத்தாகிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கு."

அன்னக்கிளி அவரைச் சுட்டினாள். அக்கம்மாள் கிடத்தப்பட்டிருந்த பந்தலின் நடுவைச் சுட்டினாள். பெண்கள் மாரடித்த இடத்தைச் சுட்டினாள். மறுபடியும் அவரைச் சுட்டி, கைகளைத் தாழவிட்டாள்.

அவருக்கு அது விளங்கியது. எழவு வட்டத்தில் அவள் ராக்காயியிடம் திட்டு வாங்கிக்கொண்டு ஆடியது, அக்காளின் சொல்லைத் தட்டாமல் அவரை அழைத்ததுதான். அப்போது வட்டத்தின் நடுவே அக்கம்மாள் இருந்தார். அவர் பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என்ன மச்சான் இது? எழவு வீட்டு வாசல்ல, பாக்குறவக சிரிக்கப் போறாக" என்றார் நாகநாதன்.

"டேய் கோட்டை, பேசாம உள்ள போடா" என்றார் சோணைமுத்து.

"பேசாமத்தேண்ணே நிக்கிறேன்."

அன்னக்கிளி ஏறி அமர்ந்தாள். நாகநாதன் மாட்டை அதட்ட, வண்டி நகர்ந்தது.

இருக்கச் சொல்வதற்கு எந்த அடி, எந்தக் கை என்று கோட்டைச்சாமிக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அண்ணன் முன்னிலையில் செய்திருப்பாரா என்பதும் சொல்வதற்கில்லை. அவர் வண்டியின் பின்னாலேயே நடந்தார். வழியனுப்புவது முறையில்லை என்று சோணைமுத்து கூப்பிட்டுச் சொன்னது காதில் விழுந்தது. அவர் நடந்துகொண்டேயிருந்தார். அன்னக்கிளி பின்புறம் பார்த்து அமர்ந்திருந்ததால், இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடியே தெருவைக் கடந்தார்கள்.

கடைசி வீட்டைத் தாண்டியதும், அவருக்கு ஒன்று தோன்றியது. கழுத்தில் தாலி விழும் இடத்தை விரலால் தொட்டார். இன்னும் புகை எழுந்துகொண்டிருந்த திசையைக் காட்டினார். பிறகு கைகளை விரித்தார். அக்கம்மாளுக்கு அவர்கள் வைத்த பேர் என்ன?

அன்னக்கிளி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, ஓடும் வண்டியிலேயே எழுந்து மண்டியிட்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். குனிந்து, முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு முறை கைகொட்டினாள். கும்மியைத் தொடங்கிவைக்கும் பெண் கொட்டும் முதல் தட்டு அது.

கோட்டைச்சாமி இடுப்பில் கைவைத்துவிட்டு, மார்புக்கு நேரே தட்டினார்.

அவள் வேகமாகத் தலையாட்டினாள். அப்படி இல்லை. வண்டியின் விளிம்புக்கு வெளியே கையைத் தொங்கவிட்டு, கீழே, இன்னும் கீழே என்று காட்டினாள். அவர் சற்றுக் குனிந்து தட்டினார். இன்னும் கீழே, என்றது கை. கால் இழுத்துக்கொண்டு நடக்கும் ஒருவருக்கு, வண்டியின் வேகத்தைப் பிடித்துக்கொண்டே குனிவது எளிதாக இல்லை. அவர் நின்றுவிட்டார். வண்டி போய்க்கொண்டே இருந்தது. அந்தக் கை, தொலைவில் சிறுத்தும், கீழே என்றே காட்டிக்கொண்டிருந்தது.

கண்மாய்க் கரையில் வண்டி திரும்பி, கருவேல மரங்களுக்குப் பின்னால் மறைந்தது.

அவர் ஈர வேட்டியின் முனையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். முழங்காலுக்குக் கீழே குனிந்து, ஒரு முறை தட்டினார். பாதையோரத்தில் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடு ஒன்று தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டு, மறுபடியும் மேயத் தொடங்கியது.